இங்கிலாந்தின் கறுப்பினக் கொடையாளர்கள் பற்றி ஒரு திருத்தம்

"இங்கிலாந்தில் கறுப்பினத்தவர் இரத்தம் கொடுக்க முன்வருவதில்லை, அக்கறை இல்லை, ஓ நெகட்டிவ் இருக்கும்போது யார் கொடுத்தால் என்ன?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

முதலில் இரண்டாவது, அதாவது யாருக்கும் ஏற்றலாம் எனப்படும் ஓ நெகட்டிவ் இருந்தால் போதும் என்பது. அரிவாள் செல் நோய் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை இரத்த நோய்; இங்கிலாந்தில் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கே வருகிறது. இந்த நோயாளிகள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏ, பி, ஓ மட்டும் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால், உடல் அந்த இரத்தத்துக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடலாம். பிறகு பொருந்தும் இரத்தம் தேடுவதே பெரும்பாடு. அவர்களில் பலருக்குத் தேவை ஆர்.எச். பாசிட்டிவ் இரத்தத்தில் ஆர்.ஓ. என்ற உட்பிரிவு. கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது இருக்கிறது, மொத்தக் கொடையாளர்களிலோ மிகச் சிலரிடம்தான். அது கிடைக்காதபோதுதான் ஓ நெகட்டிவ் போன்ற ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் மாற்றாகப் போகிறது. அதாவது, நீங்கள் தீர்வென்று சொல்வதே ஏற்கெனவே தட்டுப்பாடான கையிருப்பைக் கரைக்கிறது.

அக்கறை இல்லை என்பதற்கு வருகிறேன். துணைவருக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பாலுறவு இருந்திருக்கலாம் என்றாலே, கொடுக்க வந்தவரை மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன கேள்வியை இங்கிலாந்து நீக்க முடிவெடுத்தது 2021இல்தான். மலேரியா பகுதிக்குப் பயணம் போய் வந்தாலும் காத்திருப்பு. ஹீமோகுளோபின் லிட்டருக்கு 125 கிராமுக்குக் கீழே இருந்தால் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். வாசல்வரை வந்து திரும்பியவர்களையும் வராதவர்களையும் ஒரே கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?