தண்ணீர் சோதிக்கக் கொடுக்கிறீர்களா? பென்சீனையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்

திருகோணமலையில் யாராவது "பைப் தண்ணீரைச் சோதித்துவிட்டோம், எல்லாம் சரி" என்று சொன்னால், எதைச் சோதித்தார்கள் என்றுதான் நான் கேட்பேன். வழக்கமான அறிக்கையில் கிருமி, கடினத்தன்மை, நைத்திரேற்று, புளோரைட்டு என்று இருக்கும். அவையும் தேவைதான். ஆனால் பெற்றோலில் உள்ள பென்சீன், தின்னரில் உள்ள தொலுயீன், இயந்திரங்களில் கிறீஸ் கழுவப் பயன்படும் ட்ரைகுளோரோஎதிலீன் எதுவும் அதில் இருக்காது. காஸ் குரோமட்டோகிராபி என்ற தனிக் கருவியில்தான் இவற்றைப் பார்க்க முடியும், அதுவும் நாம் பெயர் சொல்லிக் கேட்டால்தான். ஃபில்டர் விற்க வருகிறவர்கள் தண்ணீருக்குள் விட்டுக் காட்டும் டீடிஎஸ் மீற்றர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும், அதை நம்பி நிம்மதியாக இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மணம் வந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், நம் மூக்குக்குத் தெரிய அதைப் போலக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது சனங்களுக்குத் தெரிந்தது, போராடினார்கள், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மணமே இல்லாமல் கலந்தால் யார் போராடுவது?

நமக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்துத்தானே வருகிறது என்பதும் முழுப் பதில் இல்லை. கராஜ், பெயின்ட் வேலை, எரிபொருள் நிரப்பும் இடம் என்று எண்ணெய் ஊறிய மண்ணுக்குள்ளால் பொலித்தீன் வகைக் குழாய் போனால், பென்சீன் போன்றவை குழாய்ச் சுவரையே ஊடுருவி உள்ளே போகும். குழாய் உடைந்திருக்கவே தேவையில்லை! 1930களில் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் இன்றும் நிற்கிற ஊர் இது. மாசு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்கிறேன்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் பிடித்துக் கொடுத்தால் பயனில்லை, இந்தப் பொருட்கள் காற்றில் பறந்துவிடும். ஆய்வுகூடம் தருகிற சின்னக் கண்ணாடிக் குப்பியை, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை மெதுவாக நிரப்பி மூடி, ஐஸில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். காய்ச்சிக் குடித்தால் சரி என்றும் நினைக்காதீர்கள், அந்த ஆவி குசினிக்குள்தான் நிற்கும், அடுப்படியில் நிற்பவர்தான் அதைச் சுவாசிப்பார்.

இந்தச் சோதனை செலவானது. ஒவ்வொரு குடும்பமும் கைக்காசு போட்டுச் செய்ய வேண்டும் என்பது அநியாயம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நம் பகுதிக் குழாய் நீரில் பென்சீனும் ட்ரைகுளோரோஎதிலீனும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, முடிவு என்ன என்று நீர் வழங்கல் சபையிடம் எழுத்தில் கேட்கலாம், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதிக்கு நான் விண்ணப்பம் எழுதுகிறேன். சீனக்குடா, உப்புவெளி, நகரப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் பகுதிக்கு எழுதுங்கள், கிடைக்கிற பதிலை இங்கே கொமென்டில் போடுங்கள்.