எந்த ராத்திரி, அண்ணாச்சி?

மேடையில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தும் அந்தப் போட்டோவில் என்னை டேக் செய்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பாளையங்கோட்டைக் கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். "புரதங்கள் எப்படிச் சேருதுன்னு 50 வருஷமா முழிச்சாங்க, ஏஐ ஒரே ராத்திரியில முடிச்சிட்டு" என்றார் சிறப்பு விருந்தினர். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

ஒரே ராத்திரியாம்.

எந்த ராத்திரி, அண்ணாச்சி? இரண்டு புரதங்கள் எந்தப் பக்கமாக ஒட்டும் என்று கணிப்பதற்கென்றே 'காப்ரி' என்றொரு பரீட்சை இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் கூடிப் பேசியதில் பிறந்தது. ஆய்வகத்தில் விடையைக் கண்டவர்கள் அதை வெளியிடாமல் வைத்திருப்பார்கள். கணிப்பவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் 10 மாதிரிகள் வரை அனுப்பலாம். அப்புறம் ஒப்பிட்டு, கூட்டம் போட்டு, யார் எங்கே சறுக்கினார்கள் என்று அலசுவார்கள். 2002இல் பிரான்ஸ், 2004இல் இத்தாலியின் கயேட்டா, பிறகு டொராண்டோ, பார்சிலோனா, உட்ரெக்ட், டெல் அவிவ். தாங்கள் தோற்றதை ஊரறிய மார்க் போட்டுக்கொண்ட கூட்டம் அது. சேரும்போது புரதம் தன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். அங்கேதான் பலர் கவிழ்ந்தார்கள்.

நானும் கவிழ்ந்தவன்தான். மின்வெட்டுக் காலத்தில் மூன்று நாள் ஓடவேண்டிய டாக்கிங் கணக்கை, அதாவது இரண்டு புரதங்களைக் கணினியில் ஒட்டிப் பார்க்கும் கணக்கை, யூபிஎஸ் பேட்டரியை நம்பி ஓட்டினேன். "வீடியோ கேமாய்யா ஆடுறீரு?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். கடைசியில் உண்மையான வடிவம் வெளியானபோது பார்த்தால், நான் புரதத்தை முதுகுப் பக்கமாக ஒட்டியிருந்தேன். சரி, விடுங்கள்.

உடனே 'அந்த ஏஐயை, ஆல்ஃபாஃபோல்டை, குறை சொல்கிறாயா' என்று வருவீர்கள். இல்லை. அதை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்த 2024 நோபல் தகுதியானதுதான். ஆனால் 2020இல் அது முதல் மார்க் வாங்கியது, புரதத்தின் வடிவத்தைக் கணிப்பதற்கென்று 1994 முதல் நடக்கும் 'காஸ்ப்' பரீட்சையில். அது படித்த பாடம், 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி. புரதங்கள் சேருவதைக் கணிப்பதற்கென்று அதன் 'மல்ட்டிமர்' வடிவம் தனியாக 2021இல்தான் வந்தது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) என்று வந்தால் அதுவும் இன்னும் தடுமாறுகிறது. இதெல்லாம் ஒரு ராத்திரியா?

'உமக்குப் பொறாமை' என்பீர்கள். கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனித் தேரில் நாலு ரதவீதியும் வடம் பிடித்தவன் வியர்வையோடு நிற்கிறான், நிலைக்கு வரும்போது கை வைத்தவன் செல்ஃபி எடுக்கிறான். அவனும் இழுத்தான்தான். ஆனால் அவன் மட்டுமா இழுத்தான்?

தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன், மூன்று புரத இழைகள் சேர்ந்ததுதான் என்று 1954இல் மெட்ராஸிலிருந்து எழுதினார்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தமிழ்நாட்டு மேடையில் அந்தப் பெயர்கூட வரவில்லை. பதினைந்து வருஷமாக நான் டாக்கிங் பாடம் நடத்துகிறேன், என் பிள்ளைகளும் அந்த விசிலில் இருந்தார்கள். வெளியே வந்து, "சார், அப்போ நம்ம டாக்கிங் பேப்பர் இனி தேவையில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது.

போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு கைதட்டுகிறேன் என்கிறீர்கள். சால்வை போர்த்தும்போது மேடையில் இருப்பவன் கைதட்டாமல் என்ன செய்வான்?