வான்கதவு மூடியிருந்தால் வெள்ளம் வராதா?

"இரணைமடுக் குளத்து வான்கதவுகள் மூடித்தான் இருக்கு, கிளிநொச்சிக்கு வெள்ளம் வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு தவறானது.

குளத்தின் மேலதிக நீரை வெளியேற்றும் இந்தக் கதவுகள் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் நீர் ஏறும், அது உண்மை. சித்திரை இடிமழை வேறு விசயம். பிற்பகல் வெக்கையில் எழும் முகில் ஓர் ஊரில் மட்டும் கொட்டும். பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். 50 மில்லிமீற்றர் மழை என்றால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் நீர். காய்ந்து இறுகிய நிலம் அதை உடனே உறிஞ்சாது. வீதிக்குக் கீழுள்ள மதகுவாயில் போத்தலும் பனையோலையும் அடைத்திருந்தால் நீர் வீதிக்கு மேலால்தான் பாயும். இதில் இரணைமடுவுக்கு என்ன பங்கு?

அடைப்பை மழைக்கு முன்பே எடுங்கள். நீர் ஓடும்போது மதகடியில் இறங்கினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

"முழங்காலளவு நீரை மோட்டார் சைக்கிளில் கடக்கலாம்" என்றும் அதே பதிவு சொல்கிறது. இது இன்னும் ஆபத்து. வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே வளர்ந்தவரின் கால் தடுமாறும். 2 அடி நீர் பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். கலங்கல் நீருக்கடியில் கிரவல் அரிபட்டுப் போயிருந்தாலும் தெரியாது.

வீட்டுக்குள் நீர் ஏறுமுன், நிலமும் கையும் காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். உதவிக்கு, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117.