டொராண்டோ வுல்ஃப்பேக் தோற்றதால் தரமிறக்கப்பட்டதா?

“முதல் சூப்பர் லீக் பருவத்தில் எல்லா ஆட்டங்களிலும் தோற்றதால் கனடாவின் டொராண்டோ வுல்ஃப்பேக் தரமிறக்கப்பட்டது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. வுல்ஃப்பேக் ஒரு ரக்பி லீக் அணி; சூப்பர் லீக் என்பது பெரும்பாலும் இங்கிலாந்து அணிகள் ஆடும் உயர்மட்ட ரக்பி லீக் போட்டி; தரமிறக்கம் என்றால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவது. செய்தி பாதிதான் உண்மை.

2020இல் ஆடிய 6 லீக் ஆட்டங்களிலும் அணி தோற்றது சரி. முதல் தோல்வி காசில்ஃபோர்டிடம், 28-10. ஆனால் மார்ச் 11 அன்று சேலஞ்ச் கோப்பை என்ற தனிப் போட்டியில் ஹடர்ஸ்ஃபீல்டை 18-0 என வென்றது. ஆக, ஒன்றுகூட ஜெயிக்கவில்லை என்பது தவறு.

தோல்விகளை எடைபோடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டொராண்டோவின் குளிர்காலத்தில் அணியின் சொந்த மைதானமான லாம்போர்ட்டில் ஆட முடியாது. அதனால் தொடக்க ஆட்டங்கள் எல்லாமே இங்கிலாந்தில்தான் நடந்தன. ஆட்கள் குறைவான அணி, சொந்த ரசிகர்கள் முன் ஒருமுறைகூட ஆடாமலே பருவத்தை இழந்தது. இதைச் சொல்லாமல் “0-6” என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மார்ச் நடுவில் கொரோனாவால் லீக் நின்றது. ஜூலை 20 அன்று, பணநெருக்கடியால் எஞ்சிய பருவத்தில் ஆட இயலாது என்று கிளப்பே விலகியது. அதன் ஆட்டமுடிவுகள் புள்ளிப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த ஆண்டு தரமிறக்கமே கிடையாது. மீண்டும் சேர கிளப் விண்ணப்பித்தது, அது நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. 2021இல் அந்த இடம் லீ அணிக்குப் போனது.