கட்சிக்குள் சண்டை இருக்கட்டும், கணக்கு எங்கே?

அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்குள் நடக்கும் இழுபறியைப் பற்றி நண்பர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அரசு சந்தையில் கைவைக்கக் கூடாது, கடனுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்கிற ராண்ட் பால், தாமஸ் மாஸி போன்ற அக்கட்சித் தலைவர்கள் ஒரு பக்கம். சுங்கவரி போட்டு உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்றுவேன் என்கிற டிரம்ப் மறுபக்கம். 2025 ஆகஸ்டில் அந்தச் சுங்கவரி இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதமானபோது நம் பகுதி ஜவுளிக்காரர்களின் வயிற்றிலும் அது புளியைக் கரைத்தது.

இதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917இல் இந்த ஊர் நகராட்சித் தலைவரான ராஜாஜியின் அரசியலில் இதே இழுபறி கடைசிவரை இருந்தது.

நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தைக் காங்கிரஸ் நாகபுரியில் தீர்மானமாக்கிய 1959ஆம் ஆண்டிலேயே, அதை எதிர்த்த ராஜாஜியின் சுதந்திரா கட்சி பிறந்தது. தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வைக்கும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும் என்றார் ராஜாஜி. உடன் நின்றவர்கள் ஒரே வார்ப்பு அல்லர். பம்பாயின் மினு மசானி தொழில் சுதந்திரம் பேசினார். ஆந்திரத்தின் என்.ஜி. ரங்கா குடியானவனின் நிலத்தைப் பற்றிப் பேசினார். ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவிக்குக் கவலை வேறு. அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர்கள் தங்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம் என்று கட்சியே எழுதி வைத்திருந்தது. இன்று எந்தக் கட்சிக்கு அந்தத் தைரியம் இருக்கிறது?

1967இல் மக்களவையில் 44 இடங்களுடன் பெரிய எதிர்க்கட்சியானார்கள். அதே தேர்தலில் இங்கே, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்ன தி.மு.க.வுடன் கூட்டணி. விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்கிற கட்சி அரிசிக்கு விலை சொன்ன கட்சியோடு சேர்ந்து ஓட்டுக் கேட்டது. 1971இல் 8 இடங்கள். ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தார். 1974இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்துபோனது.

இரண்டு மனம் கொண்டதால்தான் அந்தக் கட்சி அழிந்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் தறிக்கூடம் நடத்தும் அண்ணன் ஒருவர், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கட்டையால் ரீடிங்கை எழுதி வைத்திருப்பார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். கணக்கெடுக்க ஆள் வரும் தேதி நெருங்க நெருங்க, எந்தத் தறியை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்பதை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். நூல் பில்லையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் அலைந்துவிட்டு வந்த ஒரு நாள் அதே அண்ணன் சொன்னார்: "அரசாங்கம் எங்களைச் சும்மா விட்டால் போதும் தம்பி, நாங்கள் பிழைத்துக்கொள்வோம்." அவர் நாக்கைப் புரட்டிப் பேசுகிறவர் அல்லர். இரண்டுமே அவருடைய நிஜமான தேவை. அவருக்காகப் பேசுகிற கட்சிக்குள் இரண்டு குரல் எழாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன்.

ராஜாஜியும் அப்படித்தான். முதலமைச்சராக 1952இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கித் தானியச் சந்தையைத் திறந்துவிட்டார். அதே காலத்தில், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசோடு மல்லுக்கு நின்றார். 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றால் நெசவாளி மகன் தறிக்குழியை விட்டு எப்போது எழுந்திருப்பது? தனிமனித சுதந்திரம் பேசியவர் அதைப் பார்க்கத் தவறியது சின்னப் பிழையல்ல. அந்த எதிர்ப்பில்தான் 1954இல் பதவியை விட்டு இறங்கினார்.

ஆனாலும் ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன். முதல் முறை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கியபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் அவர் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போனது. அந்தத் துண்டு எப்படி விழுந்தது, யார் அதை ஈடுகட்டுவது என்பதை அவர் மறைக்கவில்லை. 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். வியாபாரிகள் கொதித்தார்கள். அவர்களுடைய ஆதரவு தனக்கு வேண்டும் என்று தெரிந்தும் கொண்டுவந்தார். மதுவிலக்கு சரியா, வரி சரியா என்று ஆயுள் முழுக்க வாதாடலாம். எதற்கு எது விலை என்பது மட்டும் ஊருக்கே தெரிந்திருந்தது.

இன்று வலதுசாரிக் கட்சிகளின் தேர்தல் அறிக்கையை, இங்கேயானாலும் அமெரிக்காவிலானாலும், எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் வரிக்குறைப்பு. அடுத்த பக்கத்தில் மானியமோ பாதுகாப்போ. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய கணக்கு காணாமல் போயிருக்கிறது. மிச்சம் கடனாக நம் பிள்ளைகள் தலையில் விடிகிறது. கட்சிக்குள் யாராவது எழுந்து கணக்குக் கேட்டால் அவருக்குத் துரோகிப் பட்டம். இரண்டு அணிகள் வெளிப்படையாக மோதிக்கொள்வதை நான் வரவேற்கிறேன். மோதலை மூடி மறைக்க இரு தரப்புக்கும் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் நிறுத்திக் கேட்கப்போகிறேன்: 1000 யூனிட்டைத் தொடர்வீர்களா, அதற்கான பணத்தை எந்த வரியிலிருந்து எடுப்பீர்கள்? தறிக்கூடத்து அண்ணனும் என்னோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். நூல் பில்லையும் கையோடு கொண்டுவருவாராம்.