அண்ணாச்சி, அது வெறும் விலைப் பேரம் இல்ல

"மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுற மாதிரி, ரெண்டு ஏஐ ஏஜென்ட் எண்ணை ஏத்தி இறக்குறதுதான் பேச்சுவார்த்தை. சாட்ஜிபிடிக்குப் பிறகு வந்த வித்தை"ன்னு மேல எழுதியிருக்கீங்க அண்ணாச்சி. ரெண்டுமே சரியில்ல. (ஏஜென்ட்னா நமக்காகத் தானா வேலை பாக்குற மென்பொருள்.)

வாதங்கள் ஒண்ணை ஒண்ணு தாக்குற வலையா வரைஞ்சு, எது நிக்கும் எது விழும்னு கணக்கிடுற முறையை ஃபான் மின் டுங்ங்கிற கணினி ஆய்வாளர் 1995-லயே வெளியிட்டுட்டாரு. வாதாடிப் பேரம் பேசுற ஏஜென்டுகளைப் பத்தி பார்சன்ஸ், சியரா, ஜென்னிங்ஸ்னு மூணு ஆய்வாளர்களும் எழுதுனது 1998-ல.

துண்டுக்குள்ள காரணம் போகாது, எண் மட்டுந்தான் போகும். வாதப் பேரத்துல காரணமும் சேர்ந்து போகும். களக்காட்டு வாழைத்தார் ஏத்த ஒரு ஏஜென்ட் நாளைக்கே லாரி கேக்குதுன்னு வைங்க. மத்தது "லாரி இல்ல"ங்குது. எண்ணு மட்டும்னா பேச்சு அங்கயே முறிஞ்சிரும். "தார் பழுக்க ஆரம்பிச்சிட்டு, நாகர்கோவில் போகணும்"னு காரணம் சொன்னா, "அந்தப் பக்கம் காலியாப் போற வேன் இருக்கே"ன்னு பதில் வரும். கேட்ட பொருளே மாறிப்போச்சு பாத்தீங்களா? எதிராளியோட விருப்பத்தையே மாத்துற இந்த வேலையை விலையை ஏத்தி இறக்கிச் செய்ய முடியாது. தயவுசெஞ்சு பதிவைத் திருத்துங்க, படிக்கிற பிள்ளைகளும் பாக்குதாங்க.