ஃபௌலர் பிடிபட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை

"டி.என்.ஏ. பொருந்திவிட்டது, கனடாவின் கண்ணீர் நெடுஞ்சாலைக் கொலைகள் அத்தனையும் பொபி ஜாக் ஃபௌலர் செய்ததுதான், கேஸ் முடிந்தது" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. (கண்ணீர் நெடுஞ்சாலை என்பது, பல பெண்கள் கொல்லப்பட்டும் காணாமல்போயும் இருக்கிற, மேற்குக் கனடாவின் 16ஆம் இலக்கப் பாதை.)

2012இல் பொருந்தியது ஒரே ஒரு கொலைக்கு. 1974இல் கொல்லப்பட்ட 16 வயதுப் பெண்ணின் உடையில் கிடைத்த தடயம் அது. 1973இல் நடந்த வேறு இரண்டு கொலைகளில் அவர்மேல் பொலிஸுக்குப் பலத்த சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. அப்புறம், ஃபௌலர் 1995இல் அமெரிக்காவின் ஒரேகனில் கைதாகி, 2006இல் சிறையிலேயே செத்துப்போனவர். பொலிஸ் விசாரிக்கிற 18 சம்பவங்களோ 1969 முதல் 2006 வரை நீள்கின்றன. 2002இலும் 2005இலும் காணாமல்போன பெண்களை, உள்ளே இருந்த மனிதர் எப்படிக் கடத்தியிருப்பார்?

இன்னொன்று. அந்த 1974 கொலை 16ஆம் இலக்கப் பாதையில் நடக்கவேயில்லை, அது 97ஆம் இலக்கப் பாதைப் பக்கம். 16இல் பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபட் வரை மட்டும் 700 கிலோமீற்றருக்கு மேல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய், திரும்பி வவுனியாவையும் தாண்டுகிற தூரம். வெள்ளவத்தையில் இருந்து வரைபடத்தில் கோடு கீறிப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும்!

பலியானவர்களில் நிறையப் பேர் பூர்வகுடிப் பெண்கள். பஸ் இல்லாமல் கைகாட்டி வாகனம் ஏறியவர்களும் உண்டு. ஊர்களை இணைக்கும் அரச பஸ் ஓடத் தொடங்கியதே 2017இல்தான். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் மற்றக் கொலையாளிகளை யார் தேடுவது? அண்ணா, "கேஸ் முடிந்தது" என்ற வரியையாவது எடுத்துவிடுங்கள்.